நிலத்தின் ஏட்டைப் படிக்கக் கற்பித்தல்

உத்தராகண்ட் மாநிலத்தின் சமோலி மாவட்டத்தில், இமயமலைச் சரிவு ஒன்றின்மீது அமைந்துள்ளது ஜோஷிமட் நகரம். பத்ரிநாத் செல்லும் யாத்திரிகர்கள் யாவரும் இந்நகரத்தை அறிவர். இங்கு நிலம் அசைவதற்கான காரணத்தை ஆராய 1976-ஆம் ஆண்டில், கார்வால் கோட்டத்தின் அன்றைய ஆணையர் மிஸ்ராவின் தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. நகரம் நிற்பது உறுதியான பாறையின்மீது அன்று என்றும், முற்காலத்தில் மலைச்சரிவினால் வந்து குவிந்த மணலும் கற்களுமே அதன் அடித்தளம் என்றும் அக்குழு தெரிவித்தது. நிலத்தின் தாங்கும் திறனை ஆராயாமல் பெருங்கட்டடங்கள் எழுப்பலாகாது; சரிவிலுள்ள பாறாங்கற்களை வெடிவைத்து அகற்றலாகாது; மரங்களை வெட்டலாகாது என்றும் அது எச்சரித்தது. நாற்பத்தேழு ஆண்டுகள் கழித்து, 2023 ஜனவரியில், அந்நகரத்தின் எண்ணூறுக்கும் மேற்பட்ட கட்டடங்களில் விரிசல் கண்டது. பல குடும்பங்கள் வீடு வாசலைவிட்டு வெளியேற நேர்ந்தது.

அக்குழு கூறியது எதிர்காலத்தைப் பற்றிய சோதிடம் அன்று. நிலத்தின் கடந்தகால வரலாறு. அவ்வரலாறு காலடியிலேயே எழுதப்பட்டிருந்தது. அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் சிலரே. அவர்கள் படித்துச் சொன்னதன் பொருளை உணரக்கூடியவர்களும் சிலரே. ஓர் அறிக்கை கோப்பில் இருப்பது வேறு. அதன் அடிப்படை அறிவு மக்கள் மனத்தில் இருப்பது வேறு. நிலம் நிலையானது அன்று, அது மாறிவந்தது, இனியும் மாறும் என்னும் எண்ணம் ஒரு சமுதாயத்தில் வேரூன்ற வேண்டுமாயின், அதற்கான விதை பள்ளியில்தான் ஊன்றப்பட வேண்டும்.

நடுநிலை வகுப்புகளின் பொறுப்பு

ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான மூன்றாண்டுகள் இதற்கு மிகவும் உகந்த பருவம். பதினொன்று முதல் பதினான்கு வயதுக்கு உட்பட்ட மாணாக்கர், கோடிக்கணக்கான எண்களைக் கூட்டவும் பெருக்கவும் கற்றிருப்பர். வரைபடத்தைப் பார்க்கப் பழகியிருப்பர். எதற்கும் சான்று என்ன என்று கேட்கத் தொடங்கியிருப்பர். பெரும்பாலான பள்ளிகளில் நிலவியல் தனிப் பாடமாக இல்லை. ஆகையால், பின்னாளில் வீடு கட்டுபவராகவும், கிணறு வெட்டுபவராகவும், ஊராட்சி உறுப்பினராகவும் வரவிருக்கும் பலருக்கும், நிலத்தின் வரலாற்றைப் பற்றிய கல்வி பள்ளிப் பருவத்தோடு முடிந்துவிடுகிறது.

பாடப் பொருளில் குறை இருப்பதாகக் கூற இயலாது. பூமியின் உட்பகுதி, மூவகைப் பாறைகள், எரிமலை, நிலநடுக்கம், ஆறு, காற்று, பனி ஆகியவற்றின் செயல்கள் யாவும் நம் பாடநூல்களில் நெடுங்காலமாக இடம்பெற்று வருகின்றன. குறை வேறிடத்தில் உள்ளது. பாதியாக அரிந்த பழத்தைப் போன்ற பூமியின் படத்தை மாணாக்கர் அழகாக வரைகின்றனர். ஆனால் தம் வீட்டு வாசற்படிக் கல் எவ்வகைப் பாறை என்று அறியார். தீப்பாறை, படிவுப்பாறை, உருமாறிய பாறை என்று ஒப்பிக்கின்றனர். ஒன்று மற்றொன்றாக மாறுவதற்கு எவ்வளவு காலம் சென்றது என்பது அவர்கள் கருத்தில் பதிவதில்லை. சுருங்கக் கூறின், நிலம் பாடத்தில் இருக்கிறது; காலம் இல்லை.

பள்ளியில் பெறும் அறிவைப் பள்ளிக்கு வெளியேயுள்ள வாழ்க்கையோடு இணைக்க வேண்டும் என்று 2005-ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு வற்புறுத்தியது. இக்கோட்பாட்டைச் செயற்படுத்துவதற்கு நிலத்தின் வரலாற்றைவிட எளிய பாடம் வேறு இல்லை எனலாம். ஏனெனில் இதற்கான ஆய்வுக்கூடம் ஒவ்வொரு பள்ளியின் வாயிலிலும் தொடங்குகிறது.

மாணாக்கர் கொண்டுவரும் எண்ணங்கள்

மாணாக்கர் வெற்று மனத்துடன் வகுப்புக்கு வருவதில்லை. மலைகள் உலகம் தோன்றிய நாள் முதல் அப்படியே இருக்கின்றன என்று பலர் எண்ணுகின்றனர். மண் எப்போதும் இருந்துவரும் பொருள் என்றும், அது பாறையிலிருந்து உண்டாவதன்று என்றும் கருதுவோர் உண்டு. டைனோசர் எனும் பெரும்பல்லிகளும் மனிதரும் ஒரே காலத்தில் வாழ்ந்ததாகத் திரைப்படங்கள் வாயிலாக நம்புவோர் உண்டு. தரைக்கு அடியில் முழுவதும் நெருப்புக் குழம்பே நிறைந்துள்ளது என்பது மற்றொரு தவறான எண்ணம். உண்மையில், மேலோட்டுக்குக் கீழேயுள்ள கவசப் பகுதி பெரும்பாலும் திடப்பொருளே. நெடுங்கால அளவில் அது மிக மெதுவாக நகர்கிறது.

இவற்றுள் மிக ஆழமாக வேரூன்றியிருப்பது, பூமி மாறுவதாயின் அது பேரழிவால் மட்டுமே மாறும் என்னும் எண்ணமாகும். நிலநடுக்கமும் எரிமலையும் செய்தித்தாளில் வருகின்றன. ஆறு நாள்தோறும் சுமந்து செல்லும் வண்டல் செய்தியாவதில்லை. ஆசிரியர் இவ்வெண்ணங்களை முதலில் வெளிக்கொணர வேண்டும். "நம் ஊர்க் குன்று எப்போது தோன்றியிருக்கும்?" என்று கேட்டு, விடைகளைத் திருத்தாமல் கரும்பலகையில் எழுதிவைப்பது நல்ல தொடக்கம். பாடம் முடிந்தபின் அதே விடைகளை மாணாக்கரே மீண்டும் ஆராயலாம்.

காலத்தைக் கயிற்றால் அளத்தல்

பூமியின் வயது சுமார் 454 கோடி ஆண்டுகள். இவ்வெண்ணைக் கரும்பலகையில் எழுதினால் அது வெறும் எண்ணாகவே நிற்கும். பள்ளி விளையாட்டுத் திடலில் கயிறாக நீட்டினால் அது கண்ணுக்குத் தெரியும். ஒரு மீட்டருக்குப் பத்துக் கோடி ஆண்டுகள் என்று அளவு வைத்துக்கொண்டால், 45 மீட்டர் 40 சென்டிமீட்டர் நீளமுள்ள கயிறு போதும். ஒரு சென்டிமீட்டர் பத்து இலட்சம் ஆண்டுகளைக் குறிக்கும். ஒரு மில்லிமீட்டர் ஓர் இலட்சம் ஆண்டுகளைக் குறிக்கும்.

கயிற்றின் ஒரு முனையைப் பூமியின் பிறப்பு என்றும், மறுமுனையை இன்றைய நாள் என்றும் கொள்ளலாம். இன்றைய முனையிலிருந்து பின்னோக்கி அளந்து வண்ணத் துணிகளைக் கட்டவேண்டும். நுண்ணுயிர்களின் தடயங்கள் ஏறத்தாழ 35 மீட்டர் தொலைவில் தொடங்கும். ஓடும் கூடும் கொண்ட கடல் உயிர்கள் பெருகிய காலம் ஐந்தரை மீட்டருக்குச் சற்று உள்ளே வரும். ஒடிசாவின் தால்சேர்ப் பகுதியைப் பனியாறுகள் மூடியிருந்த காலம் 3 மீட்டரில் நிற்கும். தக்காணத்தில் எரிமலைக் குழம்பு பெருகிய காலமும், பறவை இனம் நீங்கலாக டைனோசர்கள் மறைந்த காலமும் 66 சென்டிமீட்டரில் வரும். இந்திய நிலத்தட்டு ஆசியாவோடு மோதத் தொடங்கியது 50 சென்டிமீட்டர் அளவில். இன்றைய மனித இனத்தின் வரலாறு முழுவதும் கடைசி 3 மில்லிமீட்டரில் அடங்கிவிடும். சிந்துவெளி நகரங்கள் முதல் இந்நாள் வரையிலான நாகரிக வரலாற்றைக் காட்ட ஒரு தலைமயிரின் பருமன் போதும்.

இச்செயலுக்கு ஆகும் செலவு ஒரு கயிற்றின் விலை மட்டுமே. மாணாக்கரே பெருக்கியும் வகுத்தும் ஒவ்வொரு துணியின் இடத்தைக் கணக்கிட வேண்டும் என்பது முக்கியம். ஆசிரியர் முன்னரே குறித்துவைத்த கயிற்றைப் பார்ப்பது காட்சி. தாமே கணக்கிட்டுக் கட்டுவது கல்வி.

மெல்ல நிகழும் மாற்றம்

கயிறு காட்டும் நீண்ட காலத்தில் சிறிய செயலும் பெரும் விளைவைத் தரும். இதை உணர்த்த ஓர் எளிய பெருக்கல் கணக்கு உதவும். இந்திய நிலத்தட்டு ஆண்டுக்கு ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் வடகிழக்காக நகர்கிறது. நம் விரல் நகம் வளரும் வேகத்தைவிட இது சற்றே அதிகம். இவ்வேகம் மாறாதிருப்பின் ஒரு கோடி ஆண்டுகளில் எவ்வளவு தூரம் நகரும் என்று கேட்டால், 500 கிலோ மீட்டர் என்று மாணாக்கர் கண்டறிவர். கண்டங்கள் நகர்கின்றன என்று ஜெர்மானிய அறிஞர் ஆல்பிரட் வேகனர் 1912-ஆம் ஆண்டில் கூறியபோது பலர் ஏற்க மறுத்தனர். இன்று செயற்கைக்கோள்களின் துணையால் அந்நகர்வை ஆண்டுதோறும் அளக்க முடிகிறது.

இந்நகர்வுக்குச் சான்று என்ன? நம் இல்லங்கள் பலவற்றில் பூசையிலுள்ள சாளக்கிராமம் ஒரு சான்று. நேபாளத்தின் காளி கண்டகி ஆற்றில் கிடைக்கும் இக்கருங்கற்களுள் காணப்படும் சுருள் வடிவம், அம்மோனைட் எனும் கடல் உயிரின் ஓட்டுப் பதிவாகும். அவ்வுயிரினம் அழிந்து ஆறரைக் கோடி ஆண்டுகள் கடந்துவிட்டன. இமாசலப் பிரதேசத்தின் ஸ்பிதிப் பள்ளத்தாக்கிலும் இத்தகைய புதைபடிவங்கள் உள்ளன. கடலில் வாழ்ந்த உயிரின் ஓடு உலகின் மிக உயர்ந்த மலைத்தொடரில் எவ்வாறு வந்தது என்னும் வினாவை வகுப்பில் எழுப்பி, சிறிது நேரம் மாணாக்கரைச் சிந்திக்க விடவேண்டும். டெதிஸ் எனப்படும் பழங்கடலின் அடித்தளத்துப் படிவுகள், இரு நிலப்பகுதிகளின் மோதலால் மடிந்து உயர்ந்து இமயமாயின என்ற விளக்கம் அதன்பின் வரலாம். பக்தியோடு போற்றப்படும் பொருளில் பூமியின் வரலாறும் பொறிக்கப்பட்டுள்ளது என்பதால் அதன் பெருமை குறைவதில்லை.

மலை உயர்ந்தால் அது தேயவும் செய்கிறது. கங்கையும் பிரம்மபுத்திராவும் ஆண்டுதோறும் ஏறத்தாழ 100 கோடி டன் மண்ணையும் மணலையும் சுமந்து வருகின்றன. வங்கத்தின் கழிமுகச் சமவெளி அவ்வண்டலால் ஆனது. எஞ்சியது வங்கக் கடலின் அடியில் பல்லாயிரம் ஆண்டுகளாகப் படிந்து வருகிறது. இன்று வயலாக இருப்பது ஒரு காலத்தில் மலையாக இருந்தது என்று மாணாக்கருக்குக் கூறலாம்.

இதனை வகுப்பறையில் செய்து காட்டுவது எளிது. ஒரு கண்ணாடிப் புட்டியில் சரளை, மணல், களிமண் ஆகியவற்றை இட்டு நீரூற்றிக் குலுக்கி வைத்தால், பருக்கைகள் முதலிலும், மணல் அடுத்தும், களிமண் இறுதியிலும் படியும். சாய்த்து வைத்த இரு தட்டுகளில் மண்ணை நிரப்பி, ஒன்றில் புல் வளர்த்து, மற்றொன்றை வெறுமையாக விட்டு, இரண்டிலும் ஒரே அளவு நீரைப் பூவாளியால் தெளித்தால், எதிலிருந்து கலங்கல் நீர் வழிகிறது என்பது தெரியும். ஒரு சென்டிமீட்டர் மேல்மண் உருவாகப் பல நூறு ஆண்டுகள் ஆகின்றன. மூடாக்கு இல்லாத சரிவில் சில மழைக்காலங்களிலேயே அதை இழந்துவிடலாம். மண்வளப் பாதுகாப்பு ஏன் தேசியப் பணி என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் தேவையில்லை. எனினும், புட்டி பூமி அன்று என்பதையும் ஆசிரியர் சேர்த்துச் சொல்லவேண்டும். புட்டியில் நிமிடங்களில் நடப்பது இயற்கையில் நீண்ட காலம் பிடிக்கும். அங்கே படிவு பாறையாக இறுகுவதற்கு மேலுள்ள சுமையின் அழுத்தமும் தேவைப்படுகிறது.

திடீரென நிகழும் மாற்றம்

மெல்ல நகரும் நிலத்தட்டுகளின் விளிம்பில் அழுத்தம் நெடுங்காலம் சேர்கிறது. அது ஒரு நொடியில் விடுபடும்போது நிலநடுக்கம் உண்டாகிறது. மெல்ல நிகழும் மாற்றமும் திடீர் மாற்றமும் தனித்தனி அல்ல என்பதை இவ்விடத்தில் மாணாக்கர் உணரவேண்டும்.

கச்சுப் பகுதியில் 1819 ஜூன் 16-ஆம் நாள் நேர்ந்த நிலநடுக்கத்தில், ரண் எனப்படும் உவர்நிலத்தில் பல கிலோ மீட்டர் நீளத்துக்கு ஒரு மேடு எழும்பியது. மனிதர் கட்டிய கரை அன்று என்பதைக் குறிக்க, அதற்கு 'அல்லா பந்த்' என்று மக்கள் பெயரிட்டனர். அதன் தெற்கே நிலம் தாழ்ந்து, சிந்திரி என்னும் கோட்டை நீரில் மூழ்கியது. ஆங்கில நிலவியல் அறிஞர் சார்லஸ் லயல் இந்நிகழ்ச்சியைத் தம் நூலில் எடுத்துக்காட்டாக விளக்கினார். அதே கச்சுப் பகுதியில்தான் 2001 ஜனவரி 26-ஆம் நாள் பேரழிவு மீண்டும் நேர்ந்தது.

2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஏற்பட்ட சுமத்ரா நிலநடுக்கம் ஒரே நாளில் இரு வேறு பாடங்களைத் தந்தது. நிகோபார்த் தீவுகளின் தென்முனையிலுள்ள இந்திரா முனை நான்கு மீட்டருக்கும் மேலாகத் தாழ்ந்தது. கரையில் நின்ற கலங்கரை விளக்கத்தின் அடியைக் கடல்நீர் சூழ்ந்தது. வட அந்தமானின் மேற்குக் கரையோ ஒரு மீட்டர் அளவுக்கு உயர்ந்து, பவளப் பாறைகள் நீருக்கு வெளியே தெரிந்தன. நாட்டின் வரைபடம் மனிதர் கண்முன்னே திருத்தி எழுதப்பட்டது.

அதே நாளில் தாய்லாந்தின் புக்கெட் தீவில் நடந்த ஒன்றை ஆசிரியர்கள் அனைவரும் அறிந்திருக்க வேண்டும். விடுமுறைக்கு வந்திருந்த பத்து வயது ஆங்கிலேயச் சிறுமி ஒருத்தி, கடல்நீர் நுரைத்து வழக்கத்துக்கு மாறாக நடந்துகொள்வதைக் கண்டாள். இரு வாரங்களுக்கு முன் தன் புவியியல் வகுப்பில் ஆழிப்பேரலையைப் பற்றிக் கற்றது அவள் நினைவுக்கு வந்தது. அவள் பெற்றோரிடம் சொல்ல, கரையிலிருந்தவர்கள் எச்சரிக்கப்பட்டனர். சுமார் நூறு பேர் உயிர் தப்பினர். நம் கடற்கரைகளில் அன்று உயிரிழந்தோர் பல்லாயிரவர். பின்வாங்கிய கடலைக் கண்டு வியந்து அருகே சென்றவர்களும் அவர்களுள் அடங்குவர். ஒரு பாடம் எதற்காகக் கற்பிக்கப்படுகிறது என்ற கேள்விக்கு இதுவே விடை.

ஆறுகளின் வரலாறும் இவ்வகையில் கருதத்தக்கது. பீகாரின் கோசி ஆறு சுமார் இருநூற்றைம்பது ஆண்டுகளில் நூறு கிலோ மீட்டருக்கும் மேலாக மேற்கு நோக்கி இடம்பெயர்ந்தது. 1950-களில் இரு புறமும் கரைகள் எழுப்பப்பட்டன. 2008 ஆகஸ்ட் 18-ஆம் நாள் நேபாளத்தின் குசஹா என்னுமிடத்தில் கரை உடைந்தபோது, வெள்ளம் தான் எப்போதோ கைவிட்ட பழைய தடத்தில் பாய்ந்தது. பீகாரில் சுமார் 30 இலட்சம் மக்கள் பாதிக்கப்பட்டனர். அவர்களுள் பலர், ஆறு ஒரு காலத்தில் தம் வயல் வழியே ஓடியது என்பதை நேரில் கண்டறியாத தலைமுறையினர். மனித நினைவு மூன்று தலைமுறையில் மங்குகிறது. நிலத்தின் நினைவு மங்குவதில்லை.

ஊரே பாடநூல்

இமயமும் அந்தமானும் தொலைவில் உள்ளனவே, எங்கள் ஊரில் எதைக் காட்டுவது என்று ஓர் ஆசிரியர் கேட்கலாம். நம் நாட்டில் நிலத்தின் வரலாறு எழுதப்படாத ஊர் இல்லை.

மகாராஷ்டிரத்தில் பள்ளி நடத்துவோர், ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் அடுக்கடுக்காகப் பெருகிய எரிமலைக் குழம்பின்மீது நிற்கின்றனர். படிக்கட்டுகள் போன்று தோன்றும் அம்மலைகளில் ஒவ்வொரு படியும் ஒன்று அல்லது பல பெருக்குகளைக் காட்டுகிறது. அஜந்தா, எல்லோராக் குகைகள் குடையப்பட்டது அந்தப் பசால்ட் பாறையில்தான். பருத்தி விளையும் கரிசல் மண்ணும் அதே பாறை சிதைந்து உண்டானதே. ஜார்க்கண்டிலும் வங்கத்திலும் வாழும் மாணாக்கருக்கு, ஜரியா, ராணிகஞ்ச் நிலக்கரி ஓர் ஏடு. இருபத்தைந்து கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட காட்டின் எச்சம் அது. அதனோடு கிடைக்கும் குளோசாப்டெரிஸ் இலைப்பதிவுகள் ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, அண்டார்டிகா ஆகிய நிலங்களிலும் கிடைக்கின்றன. இந்நிலங்கள் ஒன்றாக இணைந்திருந்த பெருங்கண்டத்துக்கு, மத்திய இந்தியாவின் கோண்டு மக்கள் வாழும் பகுதியைக் கொண்டே கோண்டுவானா என்ற பெயர் ஏற்பட்டது என்பது நம் மாணாக்கர் அறிந்து மகிழத்தக்க செய்தியாகும்.

வெப்பம் மிகுந்த தால்சேரில், பனியாறுகள் விட்டுச்சென்ற உருண்டைக் கற்கள் படிவுகளாக உள்ளன; 1856-லேயே இதனை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையினர் பதிவுசெய்தனர். ஜெய்சல்மேரை அடுத்த ஆகல் என்னுமிடத்தில், சுமார் 18 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. இன்றைய பாலைவனம் அன்று காடாக இருந்தது. தமிழ்நாட்டில் திருவக்கரையின் கல்மரங்களும், அரியலூர்ப் பகுதியின் சுண்ணாம்புக்கல்லில் உள்ள கடற்சிப்பிகளும் இதே கதையைக் கூறுகின்றன. அரியலூரின் சிமெண்டுத் தொழில் ஒரு பழங்கடலின் கொடை என்பதை அங்குள்ள மாணாக்கர் அறிந்திருத்தல் நலம்.

இத்தகைய சிறப்பு இடங்கள் அருகில் இல்லாவிடினும் குறையில்லை. புதிதாகக் கிணறு தோண்டும் இடத்தில் மேல்மண், களி, சரளை, சுக்கான், பாறை என வரும் வரிசையை ஆழத்தோடு குறித்து வரைபடமாக்கலாம். சாலைக்காக வெட்டிய மேட்டின் பக்கவாட்டில் அடுக்குகளைக் காணலாம். குலையாத அடுக்குகளில் கீழுள்ளது மூத்தது, மேலுள்ளது இளையது என்னும் விதியை 1669-ஆம் ஆண்டிலேயே நிக்கோலஸ் ஸ்டெனோ எடுத்துரைத்தார். இதை மாணாக்கர் தாமே கண்டறிய முடியும். பழைய கோயில் சுவரில் மழையாலும் வெயிலாலும் தேய்ந்த கல்லையும் தேயாத கல்லையும் ஒப்பிடலாம். ஆறு முன்பு எங்கே ஓடியது, ஏரி எதுவரை பரவியிருந்தது, எந்த ஆண்டு வெள்ளம் எந்தத் திண்ணை வரை வந்தது என்று முதியோரைக் கேட்டு எழுதலாம். இந்திய நில அளவைத் துறையின் பழைய வரைபடத்தையும், இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் 'புவன்' தளத்தில் உள்ள செயற்கைக்கோள் படத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தால், முதியோர் சொன்னது சரியா என்று சோதித்தறியலாம்.

இரண்டு எச்சரிக்கைகள் தேவை. கிணறு, கல்குவாரி, ஆற்றங்கரை ஆகிய இடங்களுக்கு மாணாக்கர் ஆசிரியரின்றிச் செல்லலாகாது. புதைபடிவங்களை உடைத்து எடுத்துவரலாகாது. அவை தேசத்தின் சொத்து. வரைந்து வருவதும் படம் எடுத்து வருவதும் போதும்.

ஹோசங்காபாத் தந்த அனுபவம்

இவையெல்லாம் நகரத்து வசதிமிக்க பள்ளிகளுக்கே பொருந்தும் என்று சொல்வதற்கில்லை. மத்தியப் பிரதேசத்தின் ஹோசங்காபாத் மாவட்டத்தில், 1972-ஆம் ஆண்டில் 16 நடுநிலைப் பள்ளிகளில், கிஷோர் பாரதி, நண்பர்கள் கிராம மையம் ஆகிய இரு தொண்டு நிறுவனங்களின் முயற்சியால் ஓர் அறிவியல் கல்வித் திட்டம் தொடங்கப்பட்டது. பல்கலைக்கழக ஆசிரியர்களும் ஆய்வு நிறுவன விஞ்ஞானிகளும் கிராமப் பள்ளி ஆசிரியர்களோடு சேர்ந்து பாடங்களை உருவாக்கினர். மாணாக்கர் எளிய பொருள்களைக் கொண்டு சோதனை செய்து, கண்டதை எழுதி, விவாதித்து முடிவுக்கு வந்தனர். 1978-ஆம் ஆண்டில் அத்திட்டம் மாவட்டத்தின் நடுநிலைப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்தது. 1982-இல் உருவான ஏகலவ்யா நிறுவனம் அப்பணியைத் தொடர்ந்தது. திட்டம் 2002-ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. எனினும் அது நிறுவிக் காட்டிய உண்மைகள் நிற்கின்றன.

அவற்றுள் இரண்டு நம் பொருளுக்கு இன்றியமையாதவை. முதலாவது, ஆசிரியருக்குத் தொடர்ந்த பயிற்சியும், தம்மைப் போன்ற ஆசிரியர்களோடு கூடி ஐயம் தெளியும் வாய்ப்பும் வேண்டும். சுற்றறிக்கையால் மட்டும் கற்பிக்கும் முறை மாறுவதில்லை. இரண்டாவது, தேர்வு மாறவேண்டும். ஹோசங்காபாத்தில் மாணாக்கர் புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டே எழுத்துத் தேர்வு எழுதினர். செய்முறைத் தேர்வும் இருந்தது. "பாறைகளின் வகைகள் யாவை?" என்று தேர்வு கேட்கும் வரை மாணாக்கர் மனப்பாடமே செய்வர். "இப்படத்தில் உள்ள மேட்டில் எந்த அடுக்கு மூத்தது? எவ்வாறு அறிந்தாய்?" என்று கேட்கத் தொடங்கினால், மேட்டைப் பார்க்கத் தொடங்குவர்.

செய்யக்கூடியவை

பெருஞ்செலவின்றி உடனடியாக மேற்கொள்ளக்கூடிய பணிகள் சில உள்ளன. ஒவ்வொரு மாவட்டத்துக்கும் அதன் நில வரலாற்றைச் சில பக்கங்களில் விளக்கும் சிறு நூல் ஒன்றை, அந்தந்த மாநில மொழியில் ஆசிரியர்களுக்கு வழங்கலாம். 1851-ஆம் ஆண்டு முதல் நாட்டின் நிலத்தை ஆராய்ந்து வரும் புவியியல் ஆய்வுத் துறையிடம் இதற்கான செய்திகள் நிறைந்துள்ளன. அவற்றை எளிய மொழியில் எடுத்துரைப்பதே எஞ்சியுள்ள பணி. மாவட்ட ஆசிரியர் பயிற்சி நிறுவனங்கள் ஆண்டுக்கு ஒரு முறையேனும் ஆசிரியர்களைக் களத்துக்கு அழைத்துச் செல்லலாம். ஒவ்வொரு பள்ளியும் தன் சுற்றுப்புறத்தின் பாறைகளையும் மண்வகைகளையும், கிடைத்த இடமும் நாளும் குறித்து, ஒரு பெட்டியில் தொகுத்து வைக்கலாம். கிணற்று நீர்மட்டத்தையும் ஆற்றங்கரையின் எல்லையையும் ஆண்டுதோறும் ஒரே நாளில் அளந்து ஒரு பதிவேட்டில் எழுதிவரலாம். பத்தாண்டுகள் கழித்து அப்பதிவேடு மாணாக்கருக்கு மட்டுமன்றி ஊராட்சிக்கும் பயன்படும்.

அறிவியல் மனப்பான்மையையும் ஆராயும் ஊக்கத்தையும் வளர்த்தல் ஒவ்வொரு குடிமகனின் கடமை என்று நம் அரசியலமைப்பின் 51-அ பிரிவு கூறுகிறது. 1976-ஆம் ஆண்டில் நிறைவேறிய திருத்தத்தின் வாயிலாக அப்பிரிவு சேர்க்கப்பட்டது. ஜோஷிமட் பற்றிய அறிக்கை வெளிவந்ததும் அதே ஆண்டில்தான். அறிக்கை எழுதும் நிபுணர்கள் நம்மிடம் அன்றும் இருந்தனர், இன்றும் உள்ளனர். அவர்கள் "இது பழைய சரிவின் குவியல்" என்று கூறும்போது, அச்சொல்லின் பொருளை உணர்ந்து, வீட்டின் கடைக்காலைத் தோண்டுமுன் ஒருகணம் நின்று கேட்கும் மக்கள் வேண்டும். அத்தகைய மக்களை உருவாக்கும் வாய்ப்பு, ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரையிலான மூன்றாண்டுகளில் நம் ஆசிரியர்களின் கையில் உள்ளது.